டீத்தண்ணி நிறத்தில் ஓர் ஏரி

பாட்சா அந்த நோட்டீசைச் சோற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் விரித்து வைத்தபோது ஜஹீராவின் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றுவிட்டது. வழவழப்பான தாள். மேலே கொட்டை எழுத்தில் ‘பசுமை நகர்’. கீழே தாளை அடைத்துக்கொண்டு அவளுடைய ஏரி. இரண்டு வருஷம் மவுசைப் பிடித்துப் பிடித்து மணிக்கட்டு வீங்கி, புள்ளி புள்ளியாக அவள் கம்ப்யூட்டரில் போட்ட ஏரி. இப்போது அதில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. கரையிலிருந்து கரைக்கு ஒரே பச்சை. பச்சையின் மேல் வெள்ளைக் கோடு கிழித்து, கட்டம் கட்டி, ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் ஒரு மனை நம்பர்.

“பாத்தியா, உன் படம்!” என்றான் அண்ணன். அவன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். “நாப்பத்தொண்ணு நமக்கு. மூலை மனை. ஞாயித்துக்கிழம அங்கியே பந்தல் போட்டு அட்வான்ஸ் வாங்குறாங்கோ. குடுத்துடப் போறேன்.”

“அண்ணே, அது ஏரி.”

“இன்னா ஏரி? நேத்துதான் போய்ப் பாத்துட்டு வந்தேன். பசங்க கிரிக்கெட் ஆடிக்கினு கீறானுங்கோ. தண்ணி எங்க கீது?”

“மழை வரட்டும், தெரியும்.”

“தோ பாரு ஜஹீரா. வேற எவனாவது போட்ட படம்னா நானும் யோசிப்பேன். இது நீ போட்டது. என் தங்கச்சி போட்ட படம் பொய் சொல்லுமா?”

பதினோரு வருஷமாகத் தோல் ஆலைத் தொட்டித் தண்ணீரில் நிற்கிறவன் பாட்சா. கால் விரலிடுக்கெல்லாம் வெந்து வெளுத்துக் கிடக்கும். குடியிருப்பதோ அனகாபுத்தூரில் ஆற்றங்கரைச் சந்து. வருஷா வருஷம் மழை தொடங்கினால் கட்டிலுக்குக் கீழே செங்கல் அடுக்க வேண்டும். காய்ந்த தரையில் ஒரு வீடு, அவ்வளவுதான் அவன் ஆசை. அந்த ஆசையை இழுத்துப் போய் ஏரிக்குள் இறக்க அவள் படத்தையே பிடித்திருக்கிறார்கள்.

நோட்டீசின் மூலையைப் பார்த்தாள். அங்கே மூன்று பெயர்கள் இருந்திருக்க வேண்டும். மூன்றையும் வழித்துவிட்டு ‘கம்ப்யூட்டர் டிசைன்: முனிரத்தினம்’ என்று போட்டிருந்தது.

முனிரத்தினம் அவளுடைய முதலாளி. மேற்குத் தாம்பரத்தில் ஒரு மாடியில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்தார். கல்யாணப் பத்திரிகை, பில் புக், பால் காய்ச்சும் அழைப்பிதழ் என்று நாள் முழுக்க டைப் அடிப்பது ஜஹீராவின் வேலை. வேலை இல்லாத மத்தியானங்களில் படம் போடுவாள். அந்தக் காலத்தில் கம்ப்யூட்டரில் படம் போடத் தெரிந்த நாலைந்து பேரும் ரோஜாப் பூவையும் சூரிய அஸ்தமனத்தையுமே போட்டுக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்தாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். காகிதத்தில் முடிகிற சமாசாரத்துக்கு எதற்கு இவ்வளவு பெரிய பெட்டி? காகிதத்தால் முடியாததைச் செய்ய வேண்டும். ஒரே படம், பார்த்துக்கொண்டிருக்கும்போதே கோடையிலிருந்து மழைக்காலத்துக்குப் போக வேண்டும்.

அதற்கு அவள் கண்டுபிடித்த வழி இது. படத்துக்குள் நிறத்தை வைக்கவில்லை, எண்ணை வைத்தாள். ஏரியின் அடிப் பள்ளத்துக்கு ஒன்று, அதைவிட அரையடி மேடான இடத்துக்கு இரண்டு, அப்படியே கரை வரைக்கும் பதினெட்டு. எந்த எண்ணுக்கு எந்த நிறம் என்பது தனியாக ஒரு பட்டியல். பட்டியலில் எல்லாமே பச்சை என்றால் சித்திரை மாசம். ஒன்றாம் எண்ணைத் தண்ணீர் நிறமாக்கினால் முதல் மழை. ஸ்பேஸ் பட்டனைத் தட்டத் தட்ட ஒவ்வொரு எண்ணாக நிறம் மாறித் தண்ணீர் ஏறுகிற மாதிரி ஒரு சின்ன புரோகிராமும் எழுதி, பிளாப்பியில் போட்டுக் கைப்பையில் வைத்திருந்தாள்.

பீர்க்கன்கரணைக்கு அப்பால் இருந்த ஒரு சித்தேரியைத்தான் வரைந்தாள். மேடு பள்ளத்தை முதலில் குத்துமதிப்பாகப் போட்டிருந்தாள். லேஅவுட் பிரிண்ட் எடுக்க வந்த சர்வேயர் சுந்தரராமன் திரையைப் பார்த்துவிட்டு, “இந்த மேடு இங்க இல்லையேம்மா, நூறு அடி தள்ளின்னா இருக்கு” என்று சிரித்தார். அவள் சண்டைக்குப் போனாள். அவர் ரோஷப்பட்டு, மேடு பள்ளம் அளக்கும் தன் லெவல் கருவியைத் தூக்கிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை தோறும் அந்த ஏரியை அளந்து கொடுத்தார். “என் லெவல் அரை அங்குலம் தப்பாது” என்பது அவருடைய பல்லவி. அளவுகோலைப் பிடித்துக்கொண்டு நிற்க ஆள் வேண்டுமே? எருமை மேய்க்க அங்கே வரும் கிழவி கிளியம்மாள் பிடித்தாள். பிடித்ததோடு சும்மா இருக்கவில்லை. எந்த வருஷம் தண்ணீர் எந்தக் கல் வரைக்கும் வந்தது என்று காலால் தட்டித் தட்டிக் காட்டினாள். எண்பத்தைந்தில் வந்த வெள்ளம் பதினான்காம் எண்ணில் போய் நின்றது அவள் சொல்லித்தான் தெரியும்.

நிறத்துக்கும் ஒரு சண்டை நடந்தது. சென்டருக்குக் கூட்டிவந்து காட்டியபோது கிளியம்மாள் நீலத் தண்ணீரைப் பார்த்து முகத்தைச் சுளித்தாள். “இன்னாம்மா இது, இங்க் பாட்டில கவுத்துட்டியா? புதுத் தண்ணி டீ கலர்ல வரும். தெளியவே ஒரு மாசம் ஆவும்.” ஜஹீராவுக்கு அந்த நீலத்தின் மேல் அப்படி ஓர் ஆசை. மூன்று நாள் உம்மென்று இருந்தாள். முதல் மழையன்று ஏரிக்கே போய்ப் பார்த்துவிட்டு வந்து, பதினெட்டு எண்ணுக்கும் டீத்தண்ணி நிறத்தை ஏற்றினாள். பெருங்களத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஒரே ஒரு தடவை அந்தப் படத்தைக் காட்டினார்கள். மூலையில் மூன்று பேருடைய பெயரும் இருந்தது.

சனிக்கிழமை காலையில் நோட்டீசை முனிரத்தினத்தின் மேசை மேல் போட்டாள்.

“இது என்ன சார்?”

“சூப்பரா வந்துகீது இல்ல? ஸ்கிரீன போட்டோ புடிச்சு ஆப்செட்ல போட்டாங்கோ.”

“யாரைக் கேட்டுக் குடுத்தீங்க?”

“யாரைக் கேக்கணும்? கம்ப்யூட்டர் என்னுது, கரண்டு என்னுது, படம் மட்டும் உன்னுதா? பேரு போடலன்னு கோவமா? அடுத்த நோட்டீஸ்ல ஓரமா போட்டுடலாம் வுடு.”

“பேரு கிடக்கட்டும் சார். அது ஏரி. ஜனங்க அதுல வீடு கட்டப் போறாங்க.”

“இந்த ஊர்ல எது ஏரியில்ல சொல்லு? எங்க தாத்தா பயிர் வெச்ச இடமெல்லாம் இன்னிக்குக் காலனிதான். எல்லாரும் நல்லாத்தான் கீறாங்கோ.”

“தண்ணிய என்ன பண்ணீங்க?”

“இன்னா பண்றது? அந்தக் கலர் லிஸ்ட்டுக்குப் போய் எல்லாத்தையும் பச்சையாக்கினேன். அஞ்சு நிமிஷ வேலை. தண்ணி காலி!” ஏதோ பெரிய வித்தை செய்துவிட்டவர் போல் விரலைச் சொடுக்கினார்.

ஜஹீராவுக்குச் சட்டென்று புரிந்தது. எண்களை அவர் தொடவில்லை. தொடத் தெரியவில்லை. வெள்ளைக் கோட்டுக்கும் மனை நம்பருக்கும் அடியில் பதினெட்டும் போட்டது போட்டபடி கிடக்கின்றன. பச்சையைப் பூசிவிட்டால் ஏரி போய்விட்டது என்று இந்த மனுஷர் நிஜமாகவே நம்புகிறார்.

“நாளைக்கு நீயும் வா” என்றார் முனிரத்தினம். “ஜெனரேட்டர் வெச்சு கலர் மானிட்டர் ஓடப் போவுது. கஸ்டமர் நம்பர் சொன்னா அந்த எடத்தப் பெருசாக்கிக் காட்டணும். எனக்கு அதெல்லாம் வராது.”

“வரேன் சார்” என்றாள்.

ஞாயிறன்று ஏரி நடுவில் பந்தல். ஒலிபெருக்கி, ரோஸ் மில்க், பிளாஸ்டிக் நாற்காலி, குடும்பம் குடும்பமாக ஜனம். பாட்சா முதல் வரிசையில் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மேடையில் மனை விற்கிற கேசவன். அவனுக்குப் பக்கத்தில், கழுத்தில் மாலையோடு, சர்வேயர் சுந்தரராமன்.

மனைக்குக் கல் நட்டுக் கொடுத்ததே இவர்தானா? அரை அங்குலம் தப்பாத மனுஷர்! அவர் அவள் பக்கம் திரும்பவேயில்லை.

கேசவன் மைக்கைப் பிடித்து, கம்ப்யூட்டரிலேயே போட்ட நகர் இது, தமிழ்நாட்டிலேயே முதல் முறை என்று அளந்துகொண்டிருந்தான். ஜஹீரா பிளாப்பியைச் சொருகி, முனிரத்தினத்தின் மனைப் படத்தையே தன் புரோகிராமில் திறந்தாள். திரையில் பச்சை ஏரி வந்தது. ஸ்பேஸ் பட்டனைத் தட்டினாள்.

நடுவிலிருந்த மனைகள் டீத்தண்ணி நிறமாயின. மறுபடி தட்டினாள். நிறம் பரவியது. கூட்டம் எக்கிப் பார்த்தது. கேசவனுக்கு ஒரு நொடி ஒன்றும் புரியவில்லை. அடுத்த நொடியில் சுதாரித்துக்கொண்டான்.

“பாருங்க, பாருங்க! உள்ரோடு எப்பிடி வரப் போவுதுன்னு காட்றாங்க! ஒவ்வொரு மனைக்கும் ரோடு!”

ஜனம் கைதட்டியது. படபடவென்று, மனமாரத் தட்டியது. முன்வரிசையில் ஒரு கண்ணாடிக்காரர் எழுந்து நின்றே தட்டினார். பாட்சாவும் தட்டினான். இரண்டு வருஷ உழைப்புக்குக் கிடைத்த கைதட்டல் அது. ஜஹீராவுக்கு மானிட்டரைத் தூக்கிக் கேசவன் தலையில் போட வேண்டும் போலிருந்தது. ஆத்திரத்தில் பட்டனைக் குத்திக்கொண்டே போனாள். பதினான்கில் நிறுத்தினாள்.

“யோவ், இன்னாது ரோடா?” பந்தலுக்கு வெளியே எருமைகளோடு நின்றிருந்த கிளியம்மாளின் குரல். “கண்ணு அவிஞ்சு போச்சாய்யா? அது தண்ணி! எண்பத்தஞ்சுல வந்த தண்ணி! அதே கலரு! எங்க ரெண்டு எருமை போச்சே, நான் மறப்பேனா?”

கைதட்டல் நின்றது. பாட்சா எழுந்தான். தங்கையைப் பார்க்கவில்லை. மேடையைப் பார்த்துக் கேட்டான். “சர்வேயர் சார், நீங்க சொல்லுங்கோ. இது நெஜமா?”

சுந்தரராமன் மாலையைச் சரி செய்துகொண்டார். “அது வந்து... ஒரு கலைக்காகப் போட்ட படம். அவ்வளவுதான்.”

ஜஹீரா திட்ட வாயெடுத்தாள். ஆனால் அதற்குள் கேசவன் முந்திக்கொண்டான். “கேட்டீங்களா? சாரே சொல்லிட்டாரு. அன்னிக்கு ஏதோ ஓட்டைக் கருவிய வெச்சு அளந்தது. லெவலே தப்பு!”

“என்ன சொன்னீங்க?” சுந்தரராமன் விசுக்கென்று எழுந்துவிட்டார். காதெல்லாம் சிவந்துபோயிருந்தது. “தப்பா? என் லெவலா தப்பு? பதினெட்டு வாரம் நின்னு அளந்தேன்யா. அரை அங்குலம் தப்பு காட்டுங்க, கருவியை இங்கேயே போட்டு உடைக்கிறேன்!”

“அப்போ நாப்பத்தொண்ணுல எவ்ளோ தண்ணி சார்?” என்றான் பாட்சா.

“நாலடி ரெண்டங்குலம்” என்றார் அவர், சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

பாட்சா தன் மேல் கையை வைத்து அளந்து பார்த்தான். கை மார்பில் வந்து நின்றது. முனிரத்தினம் ஓடிப் போய் ஜெனரேட்டரை அணைத்தார். திரை இருண்டது.

வீட்டுக்குப் போக பஸ்ஸை விட்டு இறங்கும்போது பாட்சா, “வாயால சொன்னியே, எனக்கு ஏறல” என்றான்.

அவன் தப்பித்தான். ஆனால் பாதிக் கூட்டம் எழுந்து போகவில்லை. இருண்ட திரைக்கு எதிரிலேயே வரிசையில் நின்று அட்வான்ஸ் கொடுத்தது. படம்தானே, கிழவிதானே, ஊரில் எது ஏரியில்லை? மறுநாள் ஜஹீராவுக்கு வேலை போயிற்று. அதுகூட அவளை அவ்வளவு வருத்தவில்லை. அந்தக் கைதட்டல்தான் ஒரு வருஷம் காதுக்குள் அறைந்துகொண்டே இருந்தது.

அடுத்த வருஷம் ஜூன் மாசத்திலேயே, யாரும் எதிர்பார்க்காத நேரத்தில், மழை கொட்டித் தீர்த்தது. இரண்டாம் நாள் மத்தியானம் ஜஹீரா பாட்சாவை இழுத்துக்கொண்டு ஏரிக்கரைக்குப் போனாள். பதினைந்து வீடுகள் எழுந்திருந்தன. ஒன்றிலும் வாசற்படி தெரியவில்லை. கரை மேல் எருமைகளோடு நின்ற கிளியம்மாள் அவளைப் பார்த்தாள்.

“கலரு சரியா கீதா பாரு” என்றாள். அவள் குரலில் கேலி இல்லை.

சரியாகத்தான் இருந்தது. நிறமும் சரி, ஓரம் வளைந்த வளைவும் சரி. ஒரு புள்ளி பிசகவில்லை. ஜஹீராவுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன.

இடுப்பில் ஈரத் துணியும் தலையில் ஒரு டிரங்குப் பெட்டியுமாகத் தண்ணீரிலிருந்து ஒருவர் கரையேறி வந்தார். அன்றைக்கு எழுந்து நின்று கைதட்டின அதே கண்ணாடிக்காரர். பெட்டியை இறக்கிவிட்டு அவளையே பார்த்தார்.

“நீதானேம்மா அன்னிக்குப் படம் காட்டின பொண்ணு?” என்றார். “நான் ரோடுன்னே நெனச்சுட்டேம்மா. வந்த முன்னூறு பேரும் ரோடுன்னு கைதட்டுறப்போ நானும் நெனச்சா என்ன தப்புன்னு... எங்க அம்மா உள்ள கீறாங்க. நடக்க முடியாது. மூலை வீடு. நாப்பத்தொண்ணு.”

திட்டுவதற்கு ஜஹீராவிடம் ஒரு வருஷத்துச் சொல் சேர்ந்திருந்தது. எல்லாம் நாக்கு நுனியில் நின்றது. அவள் வாயைத் திறப்பதற்குள், பாட்சா செருப்பைக் கழற்றிக் கரையில் வைத்தான். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, காய்ந்த தரைக்கே ஏங்கிக் கிடந்தவன், தண்ணீருக்குள் இறங்கினான்.

மூலை வீட்டு வாசலை அவன் எட்டியபோது தண்ணீர், அன்றைக்குப் பந்தலில் அவன் கை வைத்துப் பார்த்த அதே இடத்தில், மார்பில் வந்து நின்றது.