பெருங்காயத்தின் மேல் பழி

விஜயலக்ஷ்மியின் வீட்டில் சமைக்கும்போது யாரும் ருசி பார்ப்பதில்லை. கரண்டியால் எடுத்து உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்ப்பதெல்லாம் ஹோட்டல்காரர்கள் செய்கிற காரியம். சுவாமிக்குக் காட்டும் வரை உப்பும் புளியும் கை அளவுதான். முகர்ந்து பார்ப்பதும் கூடாது. ஆனால் அதில் ஒரு சலுகை உண்டு. மூக்கு வாசனையைத் தேடிப் போகக்கூடாதே தவிர, வாசனை மூக்கைத் தேடி வந்தால் தோஷமில்லை. அந்தச் சலுகையை வைத்துத்தான் அவள் கரமனை அக்ரஹாரம் முழுக்கப் பேர் வாங்கினாள். வாசலில் கோலம் போட்டுக்கொண்டே, உள்ளே கொதிக்கும் சாம்பாரில் உப்பு குறைகிறது என்று சொல்வாள். சாப்பிட உட்கார்ந்தால் குறையத்தான் செய்யும். கோர்ட்டில் சிரஸ்தாராக இருந்து ஓய்வு பெற்ற அவள் கணவர் அனந்தபத்மநாபன், "விஜயத்தோட மூக்குக்கு மேல அப்பீல் கிடையாதாக்கும்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லுவார்.

அந்த மூக்கு செத்து நாலு வருஷம் ஆகியிருந்தது. அது யாருக்கும் தெரியாது.

கொரோனா வந்தபோது ஊரில் பாதிப் பேருக்குப் போனதுதான் அவளுக்கும் போனது. மற்றவர்களுக்குத் திரும்பி வந்தது, அவளுக்கு வரவில்லை. மல்லிகைப்பூவும் சாக்கடையும் அவளுக்கு ஒன்றாகிவிட்டன. நாக்கிலும் வெறும் உப்பு, புளிப்பு, உறைப்பு மட்டும் மிச்சம். கண்ணை மூடிக்கொண்டால் சாம்பார் எது ரசம் எது என்று தெரியாது. இன்றைக்கு வரும், நாளைக்கு வரும் என்று முதலில் சொல்லாமல் இருந்தாள். அப்புறம் சொல்ல வெட்கமாக இருந்தது. அப்புறம் பயமாகப் போயிற்று.

வழக்கம் அவளைக் காப்பாற்றியது. ருசி பார்க்காத வீட்டில், ருசி தெரியாதவளை யார் கண்டுபிடிப்பது? கைக்கு அளவு மறக்கவில்லை. பால் கெட்டதா என்று காய்ச்சிப் பார்த்தே தெரிந்துகொண்டாள். ஒரே ஒரு தடவைதான் ஆட்டம் கண்டது. கணவர் திருநெல்வேலிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தபோது, அடுக்களையை ஒட்டின சாமான் அறையில் எலி செத்துக் கிடந்தது. பால்காரர் ஜெயன் வாசலிலேயே மூக்கைப் பொத்திக்கொண்டு, "மாமி, உள்ள எந்தோ செத்துக் கிடக்கு" என்று சொன்ன பிறகுதான் அவள் போய்ப் பார்த்தாள். புழு வைத்திருந்தது. அதற்குக் கையெட்டும் தூரத்தில் உட்கார்ந்துதான் முதல் நாள் அவள் மோர்சாதம் சாப்பிட்டிருந்தாள். அப்போதும் யாரிடமும் சொல்லவில்லை. பினாயில் ஊற்றிக் கழுவிவிட்டாள்.

இப்போது சொல்லவே முடியாத நிலைமை. மகள் பத்மப்ரியாவுக்கு ஏழாம் மாதம். பிரசவத்துக்குப் பிறந்தகம் வருவதா, நகரத்தின் மறுகோடியில் கழக்கூட்டத்தில் அவர்கள் குடியிருக்கும் ஃபிளாட்டிலேயே ஆள் வைத்துப் பார்த்துக்கொள்வதா என்று பேச்சு நடந்துகொண்டிருந்தது. மாப்பிள்ளை சுமந்த் ஃபிளாட் பக்கம் சாய்ந்தான். ஆஸ்பத்திரி பக்கம், லிஃப்ட் இருக்கிறது, வெந்நீர் குழாயில் வருகிறது. அனந்தபத்மநாபனின் அக்கா சுப்புலக்ஷ்மி, அடுத்த தெருவில் இருந்துகொண்டு இந்த வீட்டு அடுப்பைக் கண்காணிப்பவள், அவளும் அவன் பக்கம். "விஜயத்துக்கு முன்ன மாதிரி இல்லை. மறதி வந்தாச்சு" என்று ஒருவரையும் விடாமல் சொல்லிக்கொண்டிருந்தாள். மூக்கு இல்லை என்று தெரிந்தால் அவ்வளவுதான். குழந்தைக்குப் பால் கெட்டதா, துணி நனைந்ததா என்று தெரியாத கிழவியிடம் யார் பெண்ணை விடுவார்கள்? கல்யாணமாகிப் போன பிறகு மகள் இந்த வீட்டில் சேர்ந்தாற்போல் நாலு நாள் தங்கியதில்லை. பிரசவத்துக்கு வந்தால் மாதக்கணக்கில் இருப்பாள். அதற்காக விஜயலக்ஷ்மி எதையும் மறைப்பாள்.

"ஞாயித்துக்கிழமை வரோம். உன் கையால இலை நிறைய ஒரு சத்யை போடு, சாப்பிட்டுட்டுத் தீர்மானிக்கலாம்" என்று மகள் போனில் சொன்னாள். விளையாட்டாகத்தான் சொன்னாள். விஜயலக்ஷ்மிக்கு அது விளையாட்டாக இல்லை.

ஞாயிற்றுக்கிழமை விடிவதற்கு முன்பே அடுப்பு மூட்டிவிட்டாள். சேனை எரிசேரி, ஓலன், மாம்பழப் புளிசேரி, பாயசத்துக்குச் சக்கைப் பிரதமன். பிரதமனை உருளியில் கிளறி இறக்கியபோது கை மரத்துப்போனது. எல்லாம் முடிந்து, கடைசியாக ஈயச்சொம்பில் ரசம். ரசத்தைக் கொதிக்க விடக்கூடாது, நுரைத்து எழும்போது இறக்க வேண்டும். முன்பெல்லாம் வாசனை வந்து அவளைக் கூப்பிடும். இப்போது சொம்பின் வாயையே பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும்.

நின்றுகொண்டிருந்தபோது தெருவில் கார் ஹாரன் கேட்டது. பெண் வந்துவிட்டாள்! எடுத்து வைத்திருந்த ஆரத்தித் தட்டோடு ஓடினாள்.

திரும்பி வந்தபோது ரசம் பொங்கி வழிந்து அடுப்பு நனைந்திருந்தது. தீ இல்லை. அணைத்துவிட்டுத்தான் போயிருக்கிறோம், நல்லவேளை, என்று நினைத்துக்கொண்டாள். நினைப்புதான் பிழைப்பைக் கெடுக்கும். சொம்பை எடுத்து ஓரமாக வைத்து, வழிந்ததைப் பிடித்துணியால் துடைத்தாள். குமிழைத் திருகிப் பார்க்கவில்லை. தலைக்கு மேலே எக்ஸாஸ்ட் ஃபேன் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தில் வேறெதுவும் காதில் விழாது.

பத்மப்ரியா வயிற்றைத் தாங்கிக்கொண்டு அடுக்களை வாசலுக்கு வந்தாள். வந்தவள் நின்றாள். முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"அம்மா, என்னமோ ஒரு நாத்தம்."

விஜயலக்ஷ்மிக்குத் திக்கென்றது. எது தீய்ந்தது? எது ஊசிப்போனது? கண் உருளியிலிருந்து ஓலனுக்கும், ஓலனிலிருந்து எரிசேரிக்கும் ஓடியது. எல்லாம் பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

"சமைச்ச இடத்துல நாத்தம்னு சொல்லாதேடி. பெருங்காயமாக்கும். சாலைக் கடைத்தெருல சிவதாணு கடைலேர்ந்து கட்டிப் பெருங்காயம் வாங்கிண்டு வந்தேன். ரசத்துல ஒரு துண்டு கூடிப்போச்சு."

மகள் தலையாட்டினாள். கொல்லைப்பக்கம் போய்க் கிணற்றடியில் குனிந்து வாந்தியெடுத்தாள்.

"மசக்கைக்காரிக்கு எல்லாம் நாறத்தான் செய்யும்" என்றார் அனந்தபத்மநாபன்.

"ஏழு மாசத்துல என்னடா மசக்கை?" என்றாள், சத்யைக்கு முன்னதாகவே வந்திருந்த சுப்புலக்ஷ்மி. அடுக்களை வாசலில் நின்று அவளும் மூக்கைச் சுளித்தாள். "பெருங்காயம் இத்தனையா மணக்கும்?"

"நல்ல பெருங்காயம் மணக்கும் அக்கா. பொடி வாங்கிப் பழகினவாளுக்குத் தெரியாது."

சுப்புலக்ஷ்மி கூடத்துக்குத் திரும்பிப் போனாள். விஜயலக்ஷ்மிக்கு ஒரு கணம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

சுமந்த் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தான். நடுக்கூடத்தில் நின்று மூச்சை இழுத்தான்.

"அம்மா, ஒரு ஸ்மெல் இருக்கு கேட்டோ. கேஸ் ஏதும் லீக் ஆறதா?"

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவள் சிரித்தாள்.

"மாப்பிள்ளை, என் மூக்குக்குத் தெரியாம இந்த ஆத்துல கேஸ் லீக் ஆகுமா?"

"அப்பீல் கிடையாது" என்றார் கணவர். சுமந்தும் சிரித்துவிட்டான்.

சிரித்தாளே தவிர, கேஸ் என்ற அந்த வார்த்தை அவளுக்குள் முள்ளாகத் தைத்தது. ஒரு நடை உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வரலாமா என்று கால் பரபரத்தது. சுப்புலக்ஷ்மி கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். போய்ப் பார்த்தால், மூக்கின் மேல் நம்பிக்கை இல்லாமல் அடுப்பைப் பார்க்கிறாள் என்று ஆகிவிடும். விஜயலக்ஷ்மி வாழை இலைகளை எடுத்துக் கூடத்தில் போட ஆரம்பித்தாள். தண்ணீர் தெளித்தாள். அடுக்களை ஜன்னலில் எப்போதும் மீசையைத் தடவிக்கொண்டு காத்திருக்கும் பூனையைக் காணோம். சத்யை நாளில் அது வராமல் இருந்ததே இல்லை.

அப்போது கரண்ட் போயிற்று.

"நைவேத்யத்தை முடி விஜயம், எமகண்டம் வந்துடும்" என்றார் அனந்தபத்மநாபன்.

அந்த வீட்டில் நைவேத்யம் அடுக்களையிலேயேதான். சுவாமி அலமாரிக்கு முன்னால் எல்லாப் பாத்திரத்தையும் திறந்துவைத்து, வேறு கண் படாமலிருக்க ஜன்னலையும் கதவையும் சாத்திவிட்டு விளக்கேற்ற வேண்டும். விஜயலக்ஷ்மி ஜன்னலைச் சாத்தினாள். கதவைச் சாத்தினாள். உள்ளே மங்கலாகிவிட்டது. தீப்பெட்டியை எடுத்துக்கொண்டு அலமாரி முன் உட்கார்ந்தாள். பெட்டியைத் திறந்து ஒரு குச்சியை எடுத்தாள்.

ஃபேன் நின்றுபோன அந்த அடுக்களையில், அத்தனை வருஷத்தில் அவள் கவனித்தே இராத ஓர் அமைதி. அந்த அமைதிக்குள் ஒரு சத்தம். மெல்லிய, விடாத உஸ்ஸென்ற சத்தம்.

காதுக்குள் கேட்கிறது என்று முதலில் நினைத்தாள். பிறகு திரும்பி அடுப்பைப் பார்த்தாள். குமிழ் நெட்டுக்குத்தாக இல்லாமல் சாய்ந்திருந்தது.

கையிலிருந்த குச்சி கீழே விழுந்தது. எழுந்து போய்க் குமிழைத் திருகினாள். சத்தம் நின்றது. மேடையைப் பிடித்துக்கொண்டாள். மகள் சொன்னாளே! மாப்பிள்ளை பேர் சொல்லியே கேட்டானே! இத்தனை பேரும் முகர்ந்திருக்கிறார்கள். இவள் ஒருத்தி சொன்னாள் என்று இத்தனை பேரும் தங்கள் மூக்கை நம்பாமல் விட்டிருக்கிறார்கள்.

சத்தம் போடாமல் முடித்துவிடலாம் என்று மனம் சொன்னது. ஜன்னலைத் திறந்துவிட்டு, கொஞ்சம் பொறுத்து விளக்கேற்றினால் யாருக்கும் தெரியப்போவதில்லை. பெண் பிரசவத்துக்கு வருவாள். ஜன்னல் கொக்கியில் கை வைத்தாள். அப்போதுதான் உறைத்தது. கொஞ்சம் என்றால் எவ்வளவு? கேஸ் போய்விட்டதா, தரையோடு தரையாகக் கிடக்கிறதா, எப்படித் தெரிந்துகொள்வாள்? அவள் மூக்குக்கு இந்த அறையும் கடற்கரையும் ஒன்றுதான்.

"இருட்டுல என்ன பண்றாய்? கூடத்து எண்ணெய் விளக்கை ஏத்திக் கொண்டு வரேன்" என்று கணவரின் குரல் வந்தது. காலடிச் சத்தம் நெருங்கியது. கதவு இடுக்கில் மஞ்சளாக வெளிச்சம் ஆடியது.

"விளக்கோட வராதீங்கோ!" அவள் கத்தியது தெருவுக்கே கேட்டிருக்கும். "அங்கேயே நில்லுங்கோ, திரும்பிப் போங்கோ! கேஸ்! எல்லாரும் வாசலுக்குப் போங்கோ!"

வெளிச்சம் அசையாமல் நின்றது. "பெருங்காயம்னு சொன்னியே" என்றார் அவர்.

"எனக்குத் தெரியாது. எனக்கு ஒரு வாசனையும் தெரியாது! நாலு வருஷமாத் தெரியாது!"

வெளியே சுமந்தின் குரல், கட்டளை போல: "அப்பா, விளக்கை எடுத்துண்டு தெருவுக்குப் போங்கோ. பத்மா, போ. யாரும் சுவிட்சைத் தொட வேண்டாம்."

ஜன்னல், கதவு எல்லாம் திறந்தார்கள். சுமந்த் சிலிண்டரைக் கழற்றிக் கொல்லையில் கொண்டு வைத்தான். எல்லோரும் தெருவில் வெயிலில் நின்றார்கள். பத்மப்ரியா வயிற்றின் மேல் இரண்டு கையையும் வைத்திருந்தாள். விஜயலக்ஷ்மி பக்கத்தில் போனாள். மகள் நகரவில்லை, ஆனால் முகத்தைப் பார்க்கவும் இல்லை. 

வெகுநேரம் கழித்து சுமந்த் மட்டும் உள்ளே போய் முகர்ந்து பார்த்துவிட்டு, "இனிக் குழப்பமில்லை, உள்ளே வரலாம்" என்றான். விளக்கை அனந்தபத்மநாபன் ஏற்றினார். இலையில் உட்கார்ந்தார்கள்.

விஜயலக்ஷ்மி பரிமாறினாள். எரிசேரி ஆறிப்போயிருந்தது. நன்றாக வந்திருக்கிறதா என்று முகங்களைப் பார்த்தாள், நாலு வருஷமாகப் பார்க்கிற மாதிரி. ஒருவர் முகத்திலும் ஒன்றும் இல்லை. சுப்புலக்ஷ்மி ஓலனை எடுத்தாள், மூக்கருகே கொண்டுபோனாள், பிறகு வாயில் போட்டாள். சுமந்த் புளிசேரி சாதத்தைப் பிசைந்து, கையைத் தூக்கி, ஒரு கணம் நிறுத்தி முகர்ந்துவிட்டுச் சாப்பிட்டான். அனந்தபத்மநாபன், அந்த வீட்டில் பிறந்து அறுபத்தைந்து வயது வரைக்கும் இலையில் விழுந்த எதையும் முகர்ந்தறியாதவர், பிரதமன் கிண்ணத்தைத் தூக்கிக் கண்ணை மூடி மூச்சை இழுத்தார்.

"வளைகாப்பு முடிஞ்சதும் கழக்கூட்டத்துக்கே அழைச்சுண்டு போயிடறேன் அம்மா" என்றான் சுமந்த், இலையைப் பார்த்துக்கொண்டே. "நீங்க அடிக்கடி வந்து பாருங்கோ."

அவள் தலையாட்டினாள். ரசச் சொம்போடு மகளிடம் வந்தாள். "உனக்குப் பிடிக்குமே" என்று ஒரு கரண்டி விட்டாள். பத்மப்ரியா ரசம் சாதத்தைக் கையில் எடுத்தாள். கை வாய்க்குப் போகும் வழியில் மூக்குக்குக் கீழே நின்றது. அம்மா பார்ப்பதை அவள் பார்த்துவிட்டாள். சட்டென்று வாயில் போட்டுக்கொண்டு, மெல்லாமல் விழுங்கினாள்.

"இன்னும் கொஞ்சம் விடட்டுமா?"

"மதி அம்மா, போதும்" என்று மகள் இலையின் மேல் கையை வைத்து மறைத்தாள்.