ராக்கம்மைக்கு அளவான மிதப்பு

1

என்னிடம் கேட்டது கதை அல்ல, கட்டுரை. ஒரு பத்திரிகையின் விளையாட்டுப் பக்கத்துக்கு: மிக ஆழத்தில் முக்குளிப்பவர்கள் தங்கள் மிதப்புக் கருவியையும் உடையையும் எப்படித் தேர்ந்தெடுப்பது என்று. இரண்டாம் பத்தியில் ‘மிதப்பு’ என்று எழுதியதும் உள்ளே யாரோ சிரித்தார்கள். சிரித்தவள் பெயர் ராக்கம்மை. கட்டுரை அங்கேயே நின்றுவிட்டது.

முதல் தொடக்கம்: “அன்று கடல் எல்லையற்ற நீலத்தோடு...”

[வேண்டாம். இந்தக் கதையில் வெகுநேரத்துக்குக் கடலே வராது.]

இரண்டாம் தொடக்கம்: சைகோன் வெயிலில், ஒரு கடைக்குள், ராக்கம்மையின் தலை ஒரு ரப்பர்க் கழுத்துப்பட்டிக்குள் மாட்டிக்கொண்டிருந்தது.

இது பரவாயில்லை.

2

“இழுக்காதடி, காதோட வந்துரும்!”

“அசையாதே ஆச்சி. மூச்சு விடு.”

“எங்கிட்டு விட?”

உள்ளே இருப்பவள் தேவகோட்டைக்காரி. கணவரின் வேலைக்காகச் சைகோனின் பூ மி ஹங் அடுக்குமாடிக்கு வந்து, நாற்பதை நெருங்கும் வயதில் அங்கிருந்த குளத்தில் நீச்சலும், பிறகு முக்குளிப்பும் பழகியவள். வெளியிலிருந்து இழுப்பவள் அவளுடைய முக்குளிப்புத் தோழி ஜெனேவியேவ். காரைக்காலிலிருந்து பிரெஞ்சுப் படையில் வந்த ராணுவக்காரர் ஒருவரின் வம்சம். வீட்டில் பிரெஞ்சும் வியட்நாமியமும்தான். ராக்கம்மையோடு பேசுவதற்கென்றே அகராதியை வைத்துத் தமிழ் பழகியவள். ரேடியோ செய்தி மாதிரி பேசுகிறாள் என்பது ராக்கம்மையின் கேலி.

தலை விடுபட்டது. தண்ணீர் புகாத அந்தச் சிவப்பு டிரைசூட்டும் முகமும் ஒரே நிறத்தில் இருந்தன.

“இந்தக் கடலுக்கு இது வேண்டாம். நீ வெந்துவிடுவாய்.”

“செவப்பு எனக்கு எடுப்பா இருக்குல்ல?”

“கல்யாணத்துக்கு உடுத்திக்கொள்.”

அடுத்த மாதம் வுங் டாவ் துறைமுகத்திலிருந்து ஒரு படகு கிளம்புகிறது, ஆழத்தில் கிடக்கும் பழைய கப்பல் ஒன்றுக்கு. ஜோடியாக மட்டுமே இறங்கலாம். ஜெனேவியேவ் உடன் வர மறுத்தால் ராக்கம்மைக்குக் கப்பல் இல்லை. பிள்ளைகளுக்காகவோ வீட்டுக்காகவோ அல்லாமல், தனக்கென்று அவள் ஆசைப்பட்ட முதல் காரியம் அது.

ஆகவே பத்திரமாக இருக்கட்டும் என்று, ஆகத் தடித்த ரப்பர் வெட்சூட்டையும் இரும்பு சிலிண்டர்களையும் ஆகப் பெரிய விங்கையும் எடுத்துவந்தாள்.

[கட்டுரையில் எஞ்சியது: முதுகில் காற்று நிரப்பும் பைதான் விங். தடித்த சூட் ஆழத்தில் நசுங்கும். மேலே மிதக்கவைத்தது அங்கே மிதக்கவைக்காது. அப்போது இரும்பின் கனத்தை விங் ஒன்றே தாங்க வேண்டும். கிழிந்தால் ஆள் கல்தான். அதற்காக விங்கைப் பெரிதாக வாங்கினாலும் வம்பு. காற்று மடிப்புகளில் ஒளிந்துகொண்டு வெளியேற மறுக்கும். ஆளைக் கட்டுப்பாடில்லாமல் மேலே தூக்கும். ஆழத்திலிருந்து அப்படி வேகமாக வருவது உயிருக்கே...]

3

எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு படமெடுத்து ஜெனேவியேவுக்கு அனுப்பினாள். குரல்செய்தி வந்தது.

“ஆச்சி, உனக்கு மிதப்பு அதிகம். அது ஆபத்து. குறைத்துக்கொள். இல்லாவிட்டால் உன்னோடு நான் வர மாட்டேன்.”

ராக்கம்மை அதை மறுபடி ஓடவிட்டுக் கேட்டாள். இந்தச் சொல் அவளுக்குப் பழக்கம். சைகோன் போனதிலிருந்து அவளுக்கு ஒரு மிதப்பு என்று நாத்தனார் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். அது வலிக்கவில்லை. இது வலித்தது. பதில் அனுப்பவில்லை.

(இந்த இடத்தில் எனக்கு அவள்மேல் சந்தேகம். இந்த வயதில், ஒரு சொல்லுக்காகவா? பிறகு நான் முகம் திருப்பிக்கொண்ட சொற்களை நினைத்துப் பார்த்தேன். இதைவிடச் சிறியவை. அவள் கோபித்துக்கொள்ளட்டும்.)

4

ஞாயிற்றுக்கிழமை ஜெனேவியேவ் குளத்தடிக்கே வந்துவிட்டாள். ராக்கம்மை முழுக் கருவிகளோடு விறைப்பாக நின்றுகொண்டிருந்தாள்.

“யாருக்குடி மிதப்பு?”

“உனக்குத்தான். பார்த்தாலே தெரிகிறது.”

“எதைப் பாத்துத் தெரியுது?”

“முதுகைப் பார்த்து. இவ்வளவு பெரியதை வைத்துக்கொண்டு எப்படி நடக்கிறாய்?”

ராக்கம்மை திரும்பிப் பார்த்தாள். விங் பறங்கிக்காயாக உப்பியிருந்தது.

“ஏன்டி, பாயன்சின்னு சொல்லித் தொலைச்சா என்ன?”

“அது ஆங்கிலம். உனக்காகத் தமிழில் தேடினேன்.”

அந்தச் சொல்லை ஊரில் எதற்குச் சொல்வார்கள் என்று ராக்கம்மை விளக்கினாள். ஜெனேவியேவ் வாயைப் பொத்திக்கொண்டாள். “மோன் தியே, கடவுளே!” கொஞ்சம் யோசித்தாள். “ஆனால் அதுவும் உனக்கு அதிகம்தான்.”

ராக்கம்மை அவளைக் குளத்தில் தள்ளிவிட்டாள்.

அப்புறம் மல்லாந்து மிதந்தபோது, அந்தச் சொல் தன்னைப் பற்றி உண்மைதான் என்று அவளுக்குத் தோன்றியது. மெல்ல மெல்ல, சேர்த்துவைத்து வந்த மிதப்பு. விங்கைக் குறைக்கலாம், இந்த மிதப்பை எதற்குக் குறைக்க?

மெல்லிய வெட்சூட், அலுமினிய சிலிண்டர்கள், அளவான விங், அதற்குள் ஒன்றுக்கு இரண்டு பைகள் என்று எல்லாவற்றையும் மாற்றினார்கள். பைகளைக் காலியாக்கிவிட்டு, குளத்தின் அடியிலிருந்து கால்களை உதைத்தே அவள் மேலே வந்துகாட்டினாள்.

“வருகிறேன்” என்றாள் ஜெனேவியேவ்.

5

முடிவு அ: ஆழத்தில் விங் கிழிகிறது.
[கொஞ்சம் சோகம் இருந்தால் கதைக்கு நல்லது என்று கிழித்தேன். இரண்டாவது பையில் காற்றை நிரப்பிக்கொண்டு ராக்கம்மை நிதானமாக மேலே வந்துவிட்டாள்.]

முடிவு ஆ: இரண்டு பைகளும்.
[நீந்தியே வந்தாள். என்னைக் கொஞ்சம் முறைத்தாள்.]

முடிவு இ: கடைசி நேரத்தில் இருவருக்கும் மீண்டும் சண்டை, அதனால்...
[படகில் ஒரே பான் மீ ரொட்டியைப் பிய்த்துத் தின்றுகொண்டிருக்கிறார்கள். எங்கே ஆரம்பிப்பது?]

இவ்வளவு பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தவளை வைத்துக்கொண்டு எந்த எழுத்தாளராலும் ஒரு விபத்தைக்கூட உருப்படியாகச் செய்ய முடியாது.

இதோ, இருவரும் நீரில் எதிரெதிரே. ஜெனேவியேவ் கட்டைவிரலைக் கீழ்நோக்கிக் காட்டுகிறாள். எனக்குத் திக்கென்றது. கரையில் அதற்கு ‘மாட்டேன்’ என்று பொருள். நீரில் ‘இறங்கலாமா’ என்று பொருளாம். ராக்கம்மையும் தன் கட்டைவிரலைக் கீழே திருப்புகிறாள். தலைகள் மறைகின்றன. குமிழிகள்.

சொல்லிவிடுகிறேன், எனக்கு நீந்தத் தெரியாது. உங்களுக்குத் தெரியுமென்றால் அவர்கள் பின்னாலேயே போங்கள். ரொம்ப ஆழம் போயிருக்க மாட்டார்கள்; அவள் இப்போதுதான் இறங்கினாள்.