படத்தில் விழாத வலி

“அப்பா, வலி படத்துல தெரியுமா?” என்று மகள் ஒருநாள் கேட்டாள்.

“இருந்தா தெரியும்.”

மனைவியின் தலைவலிக்கு எடுத்த சாதாரண ஸ்கேனில் எதுவும் தெரியவில்லை. ரத்தக்குழாய்கள் தெரியும்படி மருந்து செலுத்தி இன்னொரு படம் எடுக்கச் சொன்ன டாக்டரிடம், “வேலைன்னாத்தான் சார் இவளுக்குத் தலை வலிக்கும்” என்று கணவர் சிரித்து மறுத்துவிட்டார். அவள் தலைகுனிந்தாள்.

அடுத்த மாதம் சமையலறையில் மயங்கி விழுந்தாள். இம்முறை மருந்து செலுத்தி எடுத்த படத்தில், மூளையின் ரத்தக்குழாய்கள் சிக்குப்பிடித்த நூலாகத் தெரிந்தன, ஒன்று வெடித்திருந்தது.

“பிறந்ததுல இருந்தே இருக்கு. முன்னாடியே பாத்திருக்கலாம்” என்றார் டாக்டர்.

அவளுக்குப் பேச்சு திரும்பவில்லை. நர்ஸ் போனதும் கணவர் கதவைச் சாத்தினார். தன் காய்ச்சல் நாட்களில் தான் கேட்காமலே அவள் செய்ததை முதல்முறையாக அவளுக்குச் செய்தார். நெற்றியை மெல்லப் பிடித்துவிட்டார். இறைவன் கருணையில், சுருங்கியிருந்த அவள் புருவம் சற்றுத் தளர்ந்தது.