சிவப்புத் துண்டு காட்டிய இடம்

எங்கள் வீட்டு அலமாரியில் தட்டுக்குத் தட்டு குறுக்கே ஒரு கயிறு கட்டியிருக்கும். கொடைரோட்டுக்குப் பக்கத்தில், ரயில்வே கேட்டை ஒட்டிய வீடு. என் வீட்டுக்காரர் அங்கே கேட்மேன். மெயில் போனால் பாத்திரமெல்லாம் ஆடும், கூட்ஸ் போனால் குதிக்கும். கயிறு இல்லையென்றால் சொம்பும் டம்ளரும் தரைக்கு வந்துவிடும். கல்யாணமாகி வந்த வாரத்திலேயே எனக்கு இது தெரிந்துபோயிற்று. அவருக்கு ரயில் சத்தம் தாலாட்டு. எனக்கு அது கடைசி வரைக்கும் பழகவேயில்லை.

பங்குனியோடு அவருக்கு வேலை முடிகிறது என்றானதும் நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன்.

"குடிசையா இருந்தாலும் சரி. வாசல்ல எதுவும் ஓடக் கூடாது."

தலையை ஆட்டினார். என்ன சொன்னாலும் அப்படித்தான் ஆட்டுவார், அதனால் நான் முழுதாக நம்பவில்லை.

கார்த்திகையில் செம்பட்டியில் பஸ்ஸை விட்டு இறங்கி மண்ரோட்டில் நடந்தோம். அழகர் என்பவர் தன் நிலத்தைக் காட்டினார். கிணற்றுத் தண்ணீரைக் கையில் அள்ளிக் குடித்தேன், கற்கண்டுதான். நாலைந்து தென்னை, ஒரு முருங்கை. அன்றைக்கு ரோட்டில் ஈ காக்கை இல்லை. "இதுதான்" என்றேன். அங்கேயே வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்டோம். எங்கள் பக்கத்தில் பத்திரமெல்லாம் பிறகுதான். வெற்றிலை மாற்றினால் நிலம் கைமாறிய மாதிரி. அதற்குப் பிறகு பின்வாங்குகிறவன் நாலு பேர் முன்னால் தலை நிமிர்ந்து நடக்க முடியாது.

பொங்கல் கழிந்து, வீட்டை எந்த மூலையில் கட்டலாம் என்று பார்க்கப் போனோம். எங்கள் வேலியோரம் ஒருவன் சிவப்புக் கொடி நட்டுக்கொண்டிருந்தான்.

"இது என்னப்பா?"

"எல்கை ஆத்தா. இன்னைக்கு மாட்டுவண்டிப் பந்தயம்ல. வண்டியெல்லாம் இம்புட்டுத் தூரம் வந்து, இந்தக் கொடியைச் சுத்தித் திரும்பிப் போகும்."

அதற்குள் அழகர் வேட்டியை மடித்துக் கட்டியபடி வந்துவிட்டார். முகமெல்லாம் பெருமை.

"வாசல்ல நின்னே பந்தயம் பாக்கலாம். இந்த யோகம் யாருக்கு வாய்க்கும்? இங்கன ரோடு குறுகல் பாருங்க, வருசத்துக்கு ரெண்டு வண்டியாச்சும் குடைசாஞ்சு வேலிக்குள்ள வந்துரும். போன வருசம் கிணத்து மேட்டுலயே ஒண்ணு ஏறிருச்சு!"

"வருசத்துக்கு ஒரு நாள்தான?" என்றார் என் வீட்டுக்காரர், என்னைப் பார்க்காமல்.

"பந்தயம் ஒரு நாள். ஆனா ஆடியில இருந்தே மாட்டைப் பழக்க ஆரம்பிச்சுருவாங்கல்ல."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ரயிலாவது தண்டவாளத்தை விட்டு வீட்டுக்குள் வந்ததில்லை! என் வீட்டுக்காரரைத் தனியே இழுத்துப் போய், இந்த நிலம் வேண்டாம் என்றேன்.

"வெத்திலை மாத்தியாச்சே புள்ள. குடுத்த வாக்கு."

"அப்ப நீங்களும் உங்க வெத்திலையும் இங்கன இருங்க. நான் திண்டுக்கல்லுக்கு, என் தங்கச்சி வீட்டுக்குப் போறேன்."

சும்மா மிரட்டவில்லை. அந்த நிமிஷத்தில் நிஜமாகவே போவதாகத்தான் இருந்தேன். அது அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். நான் நாலு முழம் பின்னால். செம்பட்டிக்கு வந்த வழியிலேயே திரும்பினோம்.

கொஞ்ச தூரத்தில் ஒரு நாவல்மரம். அதை ஒட்டி இரண்டு பக்கமும் அகலமான பொட்டல். மாயம்மாள் என்ற கிழவி அங்கே ஆடுகளை ரோட்டுக்குக் குறுக்கே ஓட்டிக்கொண்டிருந்தாள். பாதி ஆடு இந்தப் பக்கம், பாதி ஆடு அந்தப் பக்கம், அவள் நடுவில். எதிரே புழுதி எழும்பியது. சலங்கைச் சத்தம் கேட்டது. கிழவிக்குக் காது மந்தம்.

என் வீட்டுக்காரர் யோசிக்கவே இல்லை. நடுரோட்டில் ஓடிப்போய் நின்று, தோளில் கிடந்த சிவப்புத் துண்டை எடுத்துத் தலைக்கு மேலே வீசினார். வாழ்நாளெல்லாம் செய்த வேலை. நான் ஓடிப்போய்க் கிழவியைப் பிடித்து இழுத்தேன்.

ஆனால் வண்டிக்காரர்களுக்குச் சிவப்பைக் கண்டால் ஒரே அர்த்தம்தான். முதல் வண்டி அந்தப் பொட்டலில் ஒரு வட்டம் அடித்துத் திரும்பியது. அடுத்ததும் திரும்பியது. அத்தனை வண்டியும் அவரைச் சுற்றிக்கொண்டு வந்த வழியே பறந்துபோயின. அவர் துண்டைத் தூக்கிய கையோடு புழுதிக்குள் நின்றார்.

செத்த நேரத்தில் ஒரு கும்பல் வந்தது. முன்னால் பந்தயம் நடத்துகிற கருப்புசாமி, மீசையை முறுக்கிக்கொண்டு.

"எவன்யா இங்கன கொடி காட்டுனது?"

காலையிலிருந்து திட்டியதெல்லாம் மறந்து அவருக்கு முன்னால் போய் நின்றேன். என்னை மெல்ல விலக்கிவிட்டு, "நான்தான். ஆட்டுக்காகக் காட்டுனேன்" என்றார்.

"ஏலே கருப்புசாமி," என்று கிழவி கத்தினாள். "இந்த மனுசன் இல்லேன்னா நானும் என் ஆடும் சக்கரத்துக்கு அடியில கிடப்போம். யாரைடா மிரட்டுற?"

திரும்ப ஓட விடலாம் என்றார் ஒருவர். ஜெயித்த வண்டிக்காரர் விடுவாரா? "எல்லா வண்டியும் ஒரே எடத்துலதான் திரும்புச்சு. என் மாடுதான் மொதல்ல" என்று நின்றார். இரண்டாவதாக வந்தவரும் அதற்குத் தலையாட்டினார்.

கருப்புசாமி பொட்டலைச் சுற்றி நடந்தார். சக்கரத் தடங்களைப் பார்த்தார்.

"ஒரு வண்டி கூடக் கவிழலையா?"

"ஒண்ணு கூட இல்லண்ணே."

"இத்தன வருசமா அந்தச் சந்துல கொண்டுபோய் மாட்டுக் காலை ஒடிச்சுக்கிட்டு இருந்திருக்கோமேப்பா! பழக்கமோ, பந்தயமோ, இனி எல்கை இந்த நாவமரந்தான்."

"அப்ப நம்ம நிலத்துப் பக்கம் வண்டியே வராதா?" என்றார் பின்னாலேயே வந்திருந்த அழகர், பறிகொடுத்தவர் போல.

நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். கண்ணில் தண்ணீரும் வந்தது. அப்பாடா என்று இருந்தது. பஸ்ஸில் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து வந்தேன். தங்கச்சி வீட்டுப் பேச்சை இரண்டு பேருமே எடுக்கவில்லை.

சித்திரையில் வீடு கட்டிக் குடிபோனோம். அலமாரி வந்ததும் அவர் செய்த முதல் வேலை, தட்டுகளுக்குக் குறுக்கே கயிறு கட்டியதுதான். நானும் அதை அவிழ்க்கவில்லை. பந்தயம் நடக்கட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

அடுத்த தை வந்தது. அதற்குள் எங்கள் தொழுவத்தில் ஒரு பசுவும் கன்றும் வந்திருந்தன. கொடி பிடிக்க அவரைத்தான் கூப்பிட்டார்கள். பழைய காக்கிச் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு காலையிலேயே கிளம்பிவிட்டார். நான் அலமாரிக்கு முன்னால் மணை போட்டு உட்கார்ந்தேன். தூரத்தில் கூட்டம் கத்துவது கேட்டது. நாவல்மரத்துப் பக்கம் புழுதி எழும்பி அடங்கியது. டம்ளர் அசையவில்லை.

சாயங்காலம் திரும்பி வந்தவர் அலமாரியைப் பார்த்துத் திடுக்கிட்டார்.

"கயிறு எங்க புள்ள?"

"கன்னுக்குட்டி கழுத்துல" என்றேன்.