வடபழனியில் கொடுத்த முடி

அந்தச் சனிக்கிழமை காலை கோபாலபுரத்தில், நீதிபதி வீட்டு முன்னறையில் இருந்தவர்கள்: நீதிபதி. அவருடைய எழுத்தர். எங்கள் அனாதைக் குழந்தைகள் இல்லத்தின் வக்கீல் சிதம்பரநாதன். இல்லத்தை நடத்துகிற சரோஜாதேவி. டென்மார்க்கிலிருந்து வந்திருந்த இங்கர் என்ற பெண். நாலு வயது சண்முகவடிவு. அவளைக் கைக்குழந்தையிலிருந்து வளர்த்த ஆயா ஹாஜிரா பீ. கடைசியாக நான், இல்லத்தின் இரவுக் காவலாள். எனக்கு அங்கே வேலை எதுவும் இல்லை. வடிவுக்கு டாக்ஸியில் ஏறினால் வாந்தி வரும். டப்பா பிடிக்க ஓர் ஆள் வேண்டும் என்று, டியூட்டி முடிந்து கிளம்பியவனை முன் சீட்டில் ஏற்றிவிட்டார்கள்.

அந்த எட்டுப் பேரில் வடிவின் தலையில் மட்டும் முடி இல்லை. அதுதான் பிரச்சினை.

எழுபத்து நாலு, மே மாதம். வெளிநாட்டுக்காரர்கள் நம் குழந்தையை இங்கேயே தத்தெடுக்க வழி கிடையாது. நீதிமன்றம் அவர்களைக் காப்பாளராக நியமிக்கும். அந்த உத்தரவை வைத்துக் குழந்தைக்குப் பாஸ்போர்ட் வாங்கி, தங்கள் ஊருக்குக் கொண்டுபோய் அங்கே தத்தெடுத்துக்கொள்வார்கள். இங்கர் அதற்காகத்தான் வந்திருந்தாள். ஊரில் தபாலாபீஸில் வேலை. கணவனுக்கு லீவு கிடைக்காமல் தனியாக வந்து, ராஜா அண்ணாமலைபுரத்தில் எங்கள் இல்லத்தின் மாடி அறையில் தங்கி, மனு இரண்டு தடவை தள்ளிப்போனதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெள்ளிக்கிழமையோடு கோர்ட்டுக்குக் கோடை விடுமுறை. ஞாயிற்றுக்கிழமை நீதிபதி கொடைக்கானல் போகிறார். சிதம்பரநாதன் கையைக் காலைப் பிடித்து இந்தச் சனிக்கிழமையை வாங்கியிருந்தார். இன்று உத்தரவு இல்லையென்றால் விடுமுறை முடிந்துதான். அதுவரை இங்கரின் லீவு தாங்காது. வெறுங்கையோடு திரும்பிப் போக வேண்டும். முன்பு ஒரு ஜோடி அப்படித்தான் போனது. திரும்பி வரவே இல்லை.

இந்த நிலைமையில் வெள்ளிக்கிழமை மத்தியானம் ஹாஜிரா பீ, வளையல் வாங்கித் தருகிறேன் என்று வடிவைக் கூட்டிக்கொண்டு போனாள். திரும்பி வரும்போது குழந்தை மொட்டைத் தலையில் சந்தனத்தோடு வந்தது. சாயங்காலம் நான் டியூட்டிக்கு வந்தபோது ஆபீஸ் அறையில் சத்தம் கேட்டது.

"உனக்கு மூளை இருக்கா ஹாஜிரா? மனுவுல போட்டோ ஒட்டியிருக்கு. அதுல தலை நிறைய முடி. நாளைக்கு ஜட்ஜ் என்ன கேப்பார்?"

"இன்னா கேப்பாரு? முடி எங்கன்னு கேப்பாரு. குடுத்தாச்சின்னு சொல்லுங்க."

"யாருக்குக் குடுத்தே?"

"அவ சாமிக்கு. சண்முகவடிவுன்னு பேர் வச்சது நீங்கதானே மேடம். நான் வேற எங்க போவேன்?"

வடபழனிக்குப் போயிருக்கிறாள். முடி எடுக்கிற இடம் வெளியேதான். சாமி கும்பிடுவதற்கு மட்டும் குழந்தையை ஒரு பூக்காரியிடம் கொடுத்து உள்ளே அனுப்பிவிட்டு, வாசலில் செருப்புகளைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள். எதற்கு வேண்டுதல் என்று சரோஜாதேவி கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை.

சிதம்பரநாதன் கோபாலபுரத்தில் கேட் முன்னால் எங்களுக்காக நின்றிருந்தார். டாக்ஸியிலிருந்து வடிவு இறங்கியதும் ஒரு தடவை பார்த்தார். பிறகு தன் தலையைத் தடவிக்கொண்டார்.

"நேத்து வரைக்கும் நாலு வருஷமா வளந்த முடி. இன்னும் ஒரு நாள் பொறுக்கலையா ஆயாம்மா?"

"ஆர்டர் வந்தா உடனே ப்ளேன் ஏத்திடுவீங்க. அப்புறம் நான் எங்க போயி எடுக்கறது? டென்மார்க்ல முருகன் கோயில் கீதா சார்?"

நீதிபதி பூஜையில் இருக்கிறார் என்று எங்களை வெளியே பெஞ்சில் உட்கார வைத்தார்கள். வடிவு ஹாஜிராவின் இடுப்பில் இருந்தாள். முந்தின நாள் வரை குழந்தைக்குப் பென்சிலும் பொம்மையும் நீட்டிக்கொண்டிருந்த இங்கர் அன்று பக்கத்தில் வரவில்லை. என் அருகே வந்து நின்றாள். நந்தனம் கல்லூரியை இரண்டாம் வருஷத்தில் விட்டபோது எனக்கு மிஞ்சியது கொஞ்சம் இங்கிலீஷ். அதனால் அவள் பேசுவது என்னிடம்தான்.

"அந்தக் குழந்தை என்ன தப்பு செய்தது?" என்று கேட்டாள்.

எனக்குப் புரியவில்லை.

"எதற்காகத் தண்டித்தார்கள்?"

மொட்டையைச் சொல்கிறாள் என்று அப்போதுதான் தெரிந்தது. யுத்தம் முடிந்தபோது தனக்குப் பத்து வயது என்றாள். அவளுடைய அக்கா ஒரு ஜெர்மன் சிப்பாயோடு பழகியிருந்தாள். ஜெர்மன்காரர்கள் தோற்ற வாரத்தில் தெருக்காரர்கள் அக்காவை வெளியே இழுத்து, நடுத்தெருவில் நாற்காலி போட்டு, மொட்டை அடித்தார்கள். கத்தரிக்கோல் பிடித்தது ரொட்டிக் கடைக்காரர். அவர்கள் வீட்டுக்குத் தினமும் ரொட்டி கொடுக்கிற ஆள். அக்கா அந்தக் கோடை முழுவதும் வீட்டுக்குள்ளும் தலையில் துணி கட்டிக்கொண்டிருந்தாள்.

"குழந்தை என்னோடு வருவது ஆயாவுக்குப் பிடிக்கவில்லை. அந்தக் கோபத்தைக் குழந்தையிடம் காட்டியிருக்கிறாள். நீதிபதியிடம் சொல்லப் போகிறேன்."

"சொன்னால் விசாரணை வைப்பார். விசாரணை என்றால் ஜூலை ஆகிவிடும். நீங்கள் தனியாகத்தான் விமானம் ஏறுவீர்கள்" என்றேன்.

அவள் பெஞ்சில் உட்கார்ந்தாள். நான் தொடர்ந்தேன். "இங்கே இது தண்டனை இல்லை. என் தலையில் எடுத்திருக்கிறார்கள். என் தங்கை தலையில் எடுத்திருக்கிறார்கள். உள்ளே இருக்கிற ஜட்ஜுக்கும் சின்ன வயதில் எடுத்திருப்பார்கள். வேண்டியது நடந்தால் சாமிக்கு முடி கொடுப்பது வழக்கம்."

"சாமிக்கு முடி எதற்கு?"

"தெரியாது."

அவள் ஹாஜிராவைப் பார்த்தாள். "இவள் என்ன வேண்டினாள்? கேள்."

கேட்டேன். ஹாஜிரா வடிவின் மூக்கைத் துடைத்தபடி சொன்னாள்: "அத்த ஏன் நைனா நான் சொல்லணும்? என்கிட்ட கேக்கறாங்களே, அவங்களுக்கு எத்தினி புள்ளன்னு நான் கேட்டனா?"

"சொல்ல மாட்டாளாம்" என்றேன். இங்கர் நம்பினாளா என்று தெரியவில்லை. எழுத்தர் வந்து கூப்பிட்டுவிட்டார்.

நீதிபதி நெற்றியில் புது விபூதியோடு உட்கார்ந்திருந்தார். வடிவைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"எங்க, பழனியா?"

"வடபழனி சாப்" என்றாள் ஹாஜிரா.

அவர் காகிதக் கட்டைப் பிரித்துப் போட்டோவைப் பார்த்தார். குழந்தையைப் பார்த்தார். சிரிப்பு போய்விட்டது.

"மிஸ்டர் சிதம்பரநாதன், இது அதே குழந்தைன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"இல்லத்துத் தலைவி அபிடவிட் தருவாங்க மை லார்ட்."

"அவங்க உங்க கட்சிக்காரங்க. நாளைக்கு எவனாவது குழந்தையை மாத்தி அனுப்பிட்டாங்கன்னு பேப்பர்ல எழுதினா, பதில் சொல்றது நான்."

ஹாஜிரா குறுக்கே பேசினாள். "போட்டோல கண்ணப் பாருங்க சாப். போட்டோகாரரு சிரி சிரின்னாரு. இவ சிரிக்கல, மொறச்சா. இப்ப உங்கள எப்டி மொறைக்கறான்னு பாருங்க."

வடிவு உண்மையாகவே முறைத்துக்கொண்டிருந்தாள். நீதிபதி போட்டோவையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். எழுத்தர் வாயைப் பொத்திக்கொண்டார்.

"சரி, அதே குழந்தைதான்" என்றார் நீதிபதி. வக்கீல் மூச்சு விட்டார். இதோடு முடிந்தது என்று நானும் நினைத்தேன். நீதிபதி குனிந்து வடிவிடம் கேட்டார்.

"இது யாரு பாப்பா?"

"அம்மா" என்றாள் வடிவு, ஹாஜிராவின் தாடையைப் பிடித்துக்கொண்டு.

"அப்போ அவங்க?"

இங்கரைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "ப்ளேன் அம்மா."

நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார். ஹாஜிராவைப் பார்த்து, "உனக்கு இதுல சம்மதமாம்மா?" என்றார்.

"மை லார்ட், ஆயாவோட சம்மதம் சட்டப்படி..."

"சட்டம் எனக்குத் தெரியும். நான் அவங்களைக் கேட்டேன்."

"என்னிய யாரு கேட்டா சாப்?" என்றாள் ஹாஜிரா. "நான் கேட்டப்போ குடுக்கலியே."

"என்ன கேட்டே?"

"இவளத்தான்."

இது இல்லத்தில் எல்லோருக்கும் தெரியும். ஹாஜிராவுக்கும் கலீமுல்லாவுக்கும் குழந்தை இல்லை. கலீமுல்லா ராயப்பேட்டையில் தையல்காரர். வடிவு நடக்க ஆரம்பித்த வருஷம், இருவரும் ஒரு வெள்ளிக்கிழமை நல்ல உடுப்பு உடுத்திக்கொண்டு வந்து சரோஜாதேவியிடம் கேட்டார்கள்.

"அவங்க மதத்துல தத்து கிடையாது சார்" என்றாள் சரோஜாதேவி. "சட்டம் இல்லைன்னு எடுத்துச் சொன்னேன்."

"இந்த டென்மார்க் அம்மாவுக்கும் இங்க தத்து கிடையாது. காப்பாளர் உத்தரவுதான். அதுக்கு யார் வேணும்னாலும் மனு போடலாம்." நீதிபதி ஹாஜிராவின் பக்கம் திரும்பினார். "நான் கொடுத்திருப்பேனான்னு தெரியாது. மதம், வசதி எல்லாம் பார்க்கணும். ஆனா நீ மனு போட்டிருக்கலாம்."

சரோஜாதேவி முந்தானையைப் பார்த்தாள். அவள் பொய் சொல்லவில்லை. வக்கீலை ஒரு வார்த்தை கேட்கவில்லை, அவ்வளவுதான். தையல்காரருக்காக வக்கீலிடம் போக அவளுக்குத் தோன்றவில்லை.

"என்ன சொல்கிறார்?" என்று இங்கர் என் சட்டையைப் பிடித்தாள். குறைத்துச் சொல்லியிருக்கலாம். முழுவதையும் சொன்னேன். அவள் கை என் சட்டையிலேயே இருந்தது.

"இப்பவும் வேணும்னா சொல்லு" என்றார் நீதிபதி. "இதைத் தள்ளி வைக்கிறேன். விடுமுறை முடிஞ்சு ரெண்டு பேரையும் கேக்கறேன்."

வடிவு ஹாஜிராவின் வளையல்களை ஒவ்வொன்றாக முழங்கைக்குத் தள்ளி, மறுபடி கீழே விட்டாள். அதையே பார்த்துக்கொண்டு ஹாஜிரா நின்றாள். வக்கீலின் கழுத்தில் வேர்வை ஓடியது. வேண்டும் என்று அவள் சொல்லப்போகிறாள் என்றே நான் நினைத்தேன்.

"வேணாம் சாப்."

"ஏன்?"

"மேடம் முடியாதுன்னு சொன்ன அன்னிக்கு வேண்டிக்கினேன். எனக்கு இல்லேன்னா போவுது, இவளுக்கு ஒரு வூடு கெடச்சா முடி குடுக்கறேன்னு. கெடச்சிது. நேத்து குடுத்துட்டேன்."

"அந்த வீடு உன் வீடாவே இருக்கலாமே."

"அப்டி வேண்டிக்கலியே சாப். எனக்கு இல்லேன்னு சொல்லித்தானே வேண்டிக்கினேன். முடிய வாங்கிக்கினாரு. இன்னிக்கி போயி, இல்ல எனக்கே குடுன்னு நிக்கறதா? என் சாமியா இருந்தா சண்ட போடுவேன். அவர்கிட்ட எனக்கு அவ்ளோ பழக்கம் இல்ல."

யாரும் சிரிக்கவில்லை. இதை இங்கிலீஷில் சொல்ல எனக்கு நேரம் பிடித்தது. ஆயா என்ன வேண்டினாள் என்று இங்கர் வெளியே கேட்டாள் அல்லவா, அதற்கான பதில் இது என்றும் சொன்னேன். அவள் என் சட்டையை விட்டாள். எழுந்து போய் வடிவின் தலையில் கையை வைத்தாள். காய்ந்த சந்தனம் பொடிப்பொடியாக உதிர்ந்தது. வடிவு அவளையும் முறைத்தாள். இங்கர் கையை எடுக்கவில்லை.

"நீங்கள் ஏதாவது சொல்ல வேண்டுமா, மேடம்?" என்று நீதிபதி இங்கிலீஷில் கேட்டார்.

நான் இங்கரைப் பார்த்தேன்.

"இல்லை" என்றாள்.

அவர் கையெழுத்துப் போட்டார்.

திரும்பும்போது டாக்ஸியில் வடிவு வாந்தி எடுத்தாள். டப்பாவை நான் நீட்டுவதற்குள் இங்கர் தன் கையை நீட்டிவிட்டாள். பாதி அவள் பாவாடையில் விழுந்தது. "பரவாயில்ல, கத்துக்குவாங்க" என்றாள் ஹாஜிரா.

எங்கள் இல்லத்தில் ஒரு வழக்கம் உண்டு. உத்தரவு வந்த அன்றிலிருந்து குழந்தை புதுத் தாயோடுதான் படுக்க வேண்டும். அவர்கள் ஊரைவிட்டுப் போகும் வரை வளர்த்த ஆயா வரக் கூடாது. எத்தனையோ குழந்தைகளை அப்படித்தான் பிரித்தார்கள். அந்தச் சாயங்காலம் சரோஜாதேவி அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. ஹாஜிரா தானாகவே சமையலறையில் தன் தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டாள்.

இங்கர் மாடியிலிருந்து இறங்கி வந்தாள். "இன்று ஒரு நாள் இருக்கச் சொல்" என்றாள் என்னிடம். சரோஜாதேவியும் அங்கேதான் நின்றாள். "அவளையே கேளு கபாலி. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்றாள்.

"நான் கீறேன்னா இது இவங்க கையால சோறு தின்னாது" என்றாள் ஹாஜிரா. "நைனா, நான் சொல்றத அப்டியே சொல்லு. ராத்திரி ரெண்டு தபா எழுந்துக்குவா. ஒரு தபா தண்ணிக்கு. இன்னொரு தபா சும்மா. சும்மா எழுந்துக்கினா பேசக் கூடாது, பேசினா வெளாட்டுன்னு நெனச்சுக்குவா. முதுவுல தட்டினா போதும். சோத்த உருட்டிக் குடுத்தாத்தான் தின்னுவா. அந்த ஊர்ல சோறு இல்லேன்னா எதையாவது உருட்டச் சொல்லு."

சொன்னேன். இங்கர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். கடைசியில் தன் விரல்களைச் சேர்த்து உருட்டிக் காட்டினாள். ஹாஜிரா அந்த விரல்களைப் பிடித்துக் கொஞ்சம் இறுக்கிவிட்டாள். "இப்டி. இல்லாட்டி வாய்க்குப் போறதுக்குள்ள உதிர்ந்துடும்."

"முடி வளர்ந்ததும் நான் போட்டோ அனுப்புகிறேன் என்று சொல்" என்றாள் இங்கர்.

"மேடத்துக்கு அனுப்பச் சொல்லு. எனக்கு வாணாம். ஒண்ணு பாத்தா இன்னொண்ணு கேப்பேன்."

அப்போது மாடியில் வடிவு விழித்துக்கொண்டாள். "அம்மா" என்று கூப்பிட்டாள். கீழே இருந்த இரண்டு பேரும் ஒன்றாக நிமிர்ந்தார்கள். ஹாஜிரா முதல் படியில் காலை வைத்துவிட்டாள். பிறகு காலை எடுத்து, ஒதுங்கி வழிவிட்டாள். இங்கர் இரண்டிரண்டு படியாகத் தாண்டி மேலே ஓடினாள்.

ஹாஜிரா வாசலுக்கு வந்து செருப்பை மாட்டிக்கொண்டாள். மேலே குழந்தை இன்னும் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. நடுவில் இங்கரின் குரலும் கேட்டது.

"பேசறாங்க பாரு. பேசக் கூடாதுன்னு சொன்னேன்."

"சொன்னேன் ஹாஜிராம்மா. கொஞ்ச நாள்ல பழகிடும்."

"பூட்டு நைனா."

"இன்னும் இருட்டவே இல்லையே. எட்டு மணிக்குத்தான் பூட்டுவோம்."

"இப்ப பூட்டு. தொறந்து கெடந்துச்சுன்னா தெருமுனையிலேர்ந்து திரும்பி வந்துடுவேன்."

அவள் படியிறங்கினாள். நான் கதவைச் சாத்தி, தாழ்ப்பாள் போட்டுப் பூட்டினேன்.