வலிக்குது தாயி

நர்ஸ் அருணாதேவி ஒவ்வொரு முறையும் என் வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டுத்தான் கட்டைத் தொடுகிறாள். “பிரிக்கட்டுமாண்ணே? வலிச்சா சொல்லுங்க, நிறுத்திருதேன்.”

பட்டாசுக் கம்பெனியில் கை வெந்து ஒன்பது நாளாகப் படுத்திருக்கும் மனுஷன், “வலிக்குது தாயி” என்று குழந்தை மாதிரி முனகுகிறார். எனக்கு வயிறு எரிகிறது. பதினாறு வருஷத்தில் என்னிடம் ஒரு தலைவலியைக்கூடச் சொன்னதில்லை. முன்னொரு தரம் வெடிமருந்து பட்டுத் தோல் உரிந்து வீட்டுக்கு வந்த நாளிலும் “ஒண்ணுமில்ல” தான்.

அவள் அடுத்த கட்டிலுக்குப் போனதும் இவரைப் பிடித்துக்கொண்டேன். “அவகிட்ட மட்டுந்தான் வாய் தொறக்குமோ? நான் என்ன செத்தா போயிட்டேன்?”

அவர் கட்டுப்போட்ட கைகளையே பார்த்தார்.

“வலிக்குதுன்னு சொன்னா அந்தப் பிள்ள கட்டுப் பிரிக்கிறதத்தான் நிறுத்தும். நீ என்னைய வேலைக்கே விடமாட்டியே, வேலுத்தாயி.”