ஒரு குட்டைத் தண்ணீர்

பம்ப்பு விஷயத்தில் என்னிடம் யாரும் வாதாட வரக்கூடாது. டென்மார்க்கில் வைலே என்ற ஊரில் பம்ப்பு செய்யும் கம்பெனியில் என்ஜினியர் நான். ஏற்காட்டில் இருக்கும் எங்கள் காப்பித் தோட்டத்து மோட்டாரை இங்கிருந்தே போனில் ஓட்டவும் நிறுத்தவும் ஏற்பாடு செய்தவளும் நான்தான்.

தோட்டம் இரண்டே ஏக்கர். மேல் ஏக்கர் தங்கை பூர்ணாவுக்கு, கீழ் ஏக்கர் எனக்கு. என் பங்கையும் அவள்தான் பார்த்துக்கொள்கிறாள். குட்டை இருவருக்கும் பொது. காப்பி மொட்டை விரிய வைக்கும் பூ மழை இந்த மார்ச்சில் ஏமாற்றிவிட்டது. மொட்டெல்லாம் தயாராக நிற்கிறது. குட்டையிலோ ஒரு ஏக்கருக்குத்தான் தண்ணீர்.

சனிக்கிழமை காலை, இந்த ஊர்க் கறுப்பு ரை ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே என் கணவர் கிரி தீர்ப்புச் சொன்னார். "ஆளுக்குப் பாதி விட்டுடு ரோஹிணி. சண்டையே வராது."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. தண்ணீர் என்ன தீபாவளிப் பலகாரமா, பங்கு வைக்க? காப்பி மொட்டை அரைகுறையாய் நனைத்தால் பாதி விரிந்து கருகிப்போகும். நியாயமாகப் பிரித்தால் இரண்டு ஏக்கரும் போச்சு.

கீழ் ஏக்கரில் நிழல் மரங்கள் இருக்கின்றன, தரையெல்லாம் சருகு மூடாக்கு. விட்ட ஈரம் அங்கேயே நிற்கும். பூர்ணாவின் பக்கம் இருந்த நிழல் மரங்கள் போன வருஷக் காற்றில் சாய்ந்துவிட்டன. அங்கே விட்டால் பாதியை வெயில் குடித்துவிடும். ஆகவே தண்ணீர் முழுக்க என் ஏக்கருக்குத்தான். டென்மார்க்கில் சம்பளம் வாங்குகிறவள் தங்கை வயிற்றில் அடித்தாள் என்று ஊர் பேசும். பேசட்டும். செடிக்கு என் சம்பளம் தெரியாது.

பூர்ணாவை வீடியோவில் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். விளைச்சலில் சரிபாதி அவளுக்குத் தருகிறேன் என்றும் சொன்னேன். அந்த மேல் ஏக்கரை நம்பித்தான் அவள் வீட்டில் உலை வைக்கிறாள். எனக்கோ தோட்டம் ஓர் ஆசை, அவ்வளவுதான். கணக்கு சரியாக இருந்தும் பயமாக இருந்தது.

"கணக்கு சரிதான்க்கா. நானும் அதையேதான் நினைச்சேன். மேல வால்வைக் காலையிலயே மூடிட்டேன்."

அப்பாடா என்று இருந்தது. மோட்டாரைப் போட விரலைக் கொண்டுபோனேன்.

"இரு. குட்டையில பாதி என்னோடது. அதை நான் உனக்குத் தர்றேன். நீ எனக்குத் தர்ற மாதிரி பேசாதே."

கிரி ரொட்டியைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார்.

"சரி பூர்ணா. குடு," என்றேன்.

"இப்ப இங்க உச்சி வெயில். பொழுது சாயட்டும், நானே போடுறேன். நீ கை வெக்காதே."

போனை மேசையில் வைத்துவிட்டு எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன். மதியச் சாப்பாடு முடிந்து வெகுநேரம் கழித்து, மோட்டார் ஓடுகிறது என்று திரை காட்டியது. நான் தொடவே இல்லை.